கப்பல் கட்டிய கல்

ஏஜியன் கடலோரத்துப் பழைய துறைமுகம் ஒன்றில் கப்பல்களைக் கட்டிப்போட ஒரு கல் இருந்தது. ஆறு கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்தது. கடல் காத தூரம் தள்ளிப் போனது, ஊரும் காலியானது. கல் மட்டும் பருத்திக் காட்டின் நடுவே நின்றது.

ஒருநாள் யாரோ ஒரு வெள்ளாட்டை அதில் கட்டிவிட்டுப் போனார்கள்.

கயிறு மேலே பட்டதும் கல் பழைய வழக்கப்படி அதட்டியது: "எந்தத் துறையிலிருந்து வருகிறாய்? என்ன சரக்கு?"

"பக்கத்துக் கொல்லையிலிருந்து. வயிற்றில் கொஞ்சம் புல்."

"எகிப்துக் கோதுமை இறங்கிய இடமடி இது! கடல் என் காலடியில் கிடந்தது."

"கடலா, இங்கேயா? சும்மா அளக்காதே."

வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஆடு, கல்லை ஒரு நக்கு நக்கியது.

"அட, உப்புக் கரிக்கிறதே!"

"இன்னொரு தடவை நக்கு," என்றது கல். "நக்கிவிட்டுச் சத்தமாகச் சொல்லு."