போதிய சான்று இல்லை

திரையில் கால்களுக்கான கோடு படுத்துவிட்டது.

கைகளுக்கான கோடு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

"மேடம், ரெண்டு காலும் போயிருச்சு," என்றாள் பெனாசிர்.

நரம்பைக் கண்காணிக்கும் மிஷின் அவள் பொறுப்பு. தலையில் ஊசி குத்தி லேசாக மின்சாரம் கொடுத்தால், அது தண்டுவடம் வழியே இறங்கிக் காலில் துடிக்க வேண்டும்.

துடிக்கவில்லை.

மேசையில் இசக்கிமுத்து குப்புறக் கிடந்தான். ஒன்பதாம் வகுப்பு. வளைந்த முதுகு. நிமிர்த்துவதற்கான கம்பியை இப்போதுதான் முறுக்கியிருந்தார்கள்.

டாக்டர் ஜெபராஜ் முறுக்குவதை நிறுத்தினார். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏட்டி பெனாசிரு, ஒம் மிஷினு போன வாரமும் இப்படித்தான் ஊளையிட்டுச்சு. அந்தப் புள்ள மறுநாளே நடந்து பாத்ரூம் போச்சு."

"இது அப்படி இல்ல சார்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்ன."

யாரோ சிரித்தார்கள்.

ஜெபராஜ் தலைமாட்டில் நின்றவளைப் பார்த்தார். மயக்க மருந்து டாக்டர் அவள்.

"சனிக்கிழமை மீட்டிங்ல மேடமே சொன்னாங்கள்ல. பாதிக்குப் பாதி பொய் அலாரம்னு."

சொன்னாள்.

எத்தனையோ நாட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டுத்தான் அந்தக் கூட்டத்தில் பேசினாள். மிஷின் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை கால்களைக் காப்பாற்றுகிறதா என்பது தெரியாது. மிஷின் வைத்துப் பாதிப் பேருக்கும், வைக்காமல் பாதிப் பேருக்கும் அறுவை செய்து பார்த்தால் தெரியும். எந்தத் தாய் தன் பிள்ளையை வைக்காத பக்கம் நிறுத்துவாள்? அதனால் அப்படி யாரும் பார்க்கவில்லை.

எச்சரிக்கை வந்து, கம்பியைத் தளர்த்தி, பிள்ளை நடந்து வீட்டுக்குப் போனால் அது பொய் அலாரமா, காப்பாற்றியதா? ஆய்வுகள் இரண்டு விதமாகவும் எண்ணியிருந்தன. அதையும் சொன்னாள். அந்த நேரத்தில் பஜ்ஜி வந்துவிட்டது.

கடைசியாக ஒரு வரி போட்டிருந்தாள். போதிய சான்று இல்லை.

தப்பில்லாத வரி.

"மொதல்ல ஒயரப் பாரு," என்றார் ஜெபராஜ்.

பெனாசிர் பார்த்தாள். சரியாக இருந்தது.

மயக்க மருந்து டாக்டர் ரத்த அழுத்தத்தை ஏற்றினாள்.

மயக்க மருந்தைக் குறைத்தாள்.

கோடு எழவில்லை.

மிஷின் பொய் சொல்லக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அது மெய் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்பது கடைசிக்குப் போய்விட்டது.

"சார், கம்பியத் தளத்திருங்க."

"தளத்துனா முதுகு பழையபடி வளைஞ்சிரும் மேடம். எழுப்பிப் பாத்துருவோம். ஆட்டிட்டான்னா முடிஞ்சுது."

அவள் சரியென்று தலையசைத்தாள்.

மிஷின் வருவதற்கு முந்தைய வழி அது. பாதி அறுவையில் மயக்கத்தைக் கலைத்துக் காலை ஆட்டச் சொல்வது. நேற்று வார்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிடுவேன், முதலில் என் கையை அமுக்கணும், அப்புறம் கால் விரலை ஆட்டணும், வலிக்காது.

"தூக்கத்துல எழுப்புனா எங்கம்மாவையே எத்திருவேன் டாக்டரம்மா."

"செய்வான், எரும," என்று அவன் அம்மா தலையில் தட்டினாள்.

இப்போது தலைமாட்டில் நின்று மயக்க மருந்தை நிறுத்தினாள்.

காத்திருந்தார்கள்.

கம்பி முறுக்கியபடியே இருந்தது.

மேசைக்கு அடியில் மண்டியிட்டாள். பஞ்சு வளையத்துக்குள் அவன் முகம் தரையைப் பார்த்திருந்தது. வாயில் குழாய். இமை அசைந்தது.

"இசக்கிமுத்து. எங் கைய அமுக்கு ராசா."

அமுக்கினான்.

"நல்ல புள்ள. இப்ப காலை ஆட்டு."

பெனாசிர் துணியை விலக்கிக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலை ஆட்டு ராசா."

அவன் அவள் கையை அமுக்கினான்.

"கை இல்லப்பா. காலு."

இன்னும் பலமாக அமுக்கினான்.

"இல்ல மேடம்," என்றாள் பெனாசிர்.

மேலே இரும்பு திரும்பும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே ஜெபராஜ் தளர்த்திக்கொண்டிருந்தார். வேகமாக.

தளர்த்தினால் கால் அசைவு திரும்பி வருவதுண்டு. எவ்வளவு சீக்கிரம் தளர்த்தினோம் என்பதைப் பொறுத்தது. அதையும் படித்திருந்தாள்.

"கோடு?" என்று அடியிலிருந்தே கேட்டாள்.

"படுத்தேதான் கெடக்கு மேடம்," என்றாள் பெனாசிர்.

மறுபடி மயக்கத்துக்குள் அனுப்ப வேண்டும். பாதியில் எழுப்பியது பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. அதற்கு நல்ல சான்று உண்டு.

மருந்து அவளுடைய இன்னொரு கையில் தயாராக இருந்தது.

இந்தக் கையை அவன் விடவில்லை. அவன் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் அங்கே கொண்டுவந்து அமுக்கினான்.

அவள் முகத்தை அவன் காதருகே கொண்டுபோனாள்.

"போதும் ராசா," என்றாள். "ஆட்டிட்ட. நல்லா ஆட்டிட்ட."

அவன் கையை விட்டான்.