வெளித்தோட்டத்துப் பிள்ளைகள்

"இந்த வருசம் ஒரு சங்கத்துக்குத்தான் நிதி. அது ஸிஹாமாவோட சங்கத்துக்குப் போயிருச்சு."

பதுளை நிதி அலுவலகத்திலிருந்து அந்த போன் வந்ததிலிருந்து நிரஞ்சலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மடுல்சீமைப் பக்கம் வறுமை ஒழிப்பு என்றாலே அவளுடைய மாதர் சங்கம்தான். தேயிலைத் தோட்டத்தில் பல வருசமாக அவள்தான் தலைவி. எந்த அமைச்சர் வந்தாலும் மாலை போடுவது அவள்தான். ஸிஹாமா யார்? பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மனைவி. நேற்று முளைத்த சங்கம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறாள்.

அதுக்கே அரசாங்கப் பணமா?

பஜாருக்குப் போனால் கண் தானாக அந்தக் கொட்டகைப் பக்கம் போனது. புதிதாக கேஸ் அடுப்பு வந்திருந்தது. வயிறு எரிந்தது. நமக்குக் கிடைத்திருந்தால் தையல் மெஷினாவது வாங்கியிருக்கலாம் என்று கணவன் கணபதியிடம் புலம்பினாள். அவன் 'ம்' என்றான். அந்த 'ம்' கூட ஸிஹாமாவுக்குச் சாதகமாகப் பட்டது அவளுக்கு.

ஒருநாள் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஸிஹாமா வெளித்தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு போடுகிறாளாம்.

தன் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் சங்கம் செலவழிக்கலாம் என்பது நிதியின் நிபந்தனை; ஸிஹாமாவின் எல்லை பஜாரோடு சரி. நிரஞ்சலா மறுநாளே பதுளைக்குப் போய், நிதிக்குப் பொறுப்பான அதிகாரி புவனேந்திரனிடம் சொல்லிவிட்டாள். எந்தத் தோட்டம் என்று அவர் கேட்டார். தெரியாது, எதுவானாலும் தப்பு தப்புத்தானே என்றாள்.

அடுத்த வாரம் அவர் விசாரிக்க வந்தார். வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை; நிரஞ்சலாவும் கொட்டகைக்குப் போனாள். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளித்தோட்டத்துப் பிள்ளைகளும் வருவதை ஸிஹாமா மறைக்கவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டபோதுதான், நிரஞ்சலாவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லலேன்னா நிதியை நிறுத்த வேண்டி வரும்மா."

"நிப்பாட்டுறதா இருந்தா நிப்பாட்டுங்க சேர். அதை மட்டும் சொல்ல எனக்கு ஏலாது."

நிரஞ்சலாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வசமாக மாட்டிக்கொண்டாள்! பாயின் ஓரத்தில் ஒரு சிறுமி தன்னையே பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, அவளிடமே குனிந்து கேட்டாள்.

"நீ எந்தத் தோட்டம் பாப்பா?"

"நம்ம தோட்டந்தான் அக்கா, மேல் டிவிசன். கோயில்ல நீங்க மைக்குல பேசினப்ப பார்த்திருக்கேன்."

மேல் டிவிசன். பாதை மோசம் என்று நிரஞ்சலாவின் சங்கம் இதுவரை ஏறியே பார்க்காத லய வீடுகள்.

அதிகாரி நிரஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தார். ஸிஹாமா எதுவும் காதில் விழாதவள் போல அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

சிறுமி பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்க வீட்லயும் இன்னிக்கு அடுப்பு எரியலையா? இப்படி உக்காருங்க அக்கா."