சாக்கு

ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஆறிப்போன டீயில் ஆடை படிகிறது. முன்பு அப்பாவோடு பார்த்த ஒரு பழைய கன்னடப் படம் பிடித்தவர்கள் அடுத்து என்ன பார்க்கலாம் என்று மேதா எழுதிக்கொண்டிருக்கிறாள். "நீ மதராஸிதானே, தெரியாதா?" என்று டெல்லி ஆபீஸில் தலையில் கட்டிய வேலை. திரையில் மகன் சோறு போட வர, தாய் தட்டைக் கையால் மறைத்து "சாக்கு, சாக்கு" என்கிறாள். "சாப்பிடாம இருக்கச் சாக்குச் சொல்றா பாரு!" என்று கன்னடம் தெரியாத அப்பா அன்று சிரித்த இடம். இன்று சப்டைட்டில் 'போதும்' என்கிறது. அப்பா இறந்து ஒரு வாரம். படத்தை நிறுத்துகிறாள். போன் அதிர்கிறது, லோதி ரோடிலிருந்து அம்மா. "அப்பா சட்டையெல்லாம் எடுத்து வைக்கணும், வரியாடி?" "ஆபீஸ் வேலைம்மா, நாளைக்கு..." "போதும்டி." மேதா அடுத்த படத்தின் பெயரை அடிக்கிறாள். திரையில் அந்தக் கை தட்டின்மேலேயே இருக்கிறது.