வாகான பிடி

“வாகாத்தான் இருக்கு மொதலாளி. வேற காட்டுங்க.”

பத்திநாதனுக்கு அலுப்பாக வந்தது. ஹட்டனில் கடை போட்ட நாளிலிருந்து, சாமானில் குறை சொல்லித் திருப்பித் தருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தருகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறார். காலையிலிருந்து விடாத மழை. நின்று நின்று கால் வேறு வீங்கிக் கிடந்தது. கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் படுக்கலாம் என்றிருந்த நேரத்தில்தான், தலையில் ஈரச் சாக்கும் இடுப்பில் தூங்குகிற பிள்ளையுமாக இந்த அழகம்மா வந்து நின்றாள்.

அவளும் களைத்துத்தான் இருந்தாள். அரைநாள் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டால் போதும் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு மலையிறங்கி வந்திருக்கிறாள். புருஷன் செல்லசாமிக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டுமாம். பழையது கக்கூஸ் குழியில் விழுந்துவிட்டதாம். புதுக் கத்தி இல்லாமல் லயத்து வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். வாங்கிப் போவது அவனுக்குப் பிடிக்கவும் வேண்டும். பிடிக்காவிட்டால் அதற்கும் இவள்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசி பஸ் கிளம்புவதற்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும்.

கத்தி என்றால் பத்திநாதனுக்குத் தனி ஆசை. கப்பல் சாமான் வராத வருஷங்களில் ஆணியும் லாந்தர்த் திரியும் விற்றே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது. இப்போதுதான் கண்ணாடி அலமாரி மறுபடியும் நிறைந்திருக்கிறது. முதலில் அவர் காட்டியது மான்கொம்புப் பிடி. சொரசொரப்பானது, ஈரக் கையிலும் வழுக்காது. உள்ளங்கைப் பள்ளத்தில் பொருந்தி உட்காரும். அதைத்தான் அவள் வாகாக இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவைத்தாள்.

அடுத்து மரப்பிடியை எடுத்தார். நடுவில் கொஞ்சம் தொந்தி வைத்துச் செய்தது. ஓரமெல்லாம் உருட்டி இழைத்திருந்ததால் எவ்வளவு நேரம் பிடித்தாலும் கை நோகாது. அவளே பிடித்துப் பார்க்கட்டும் என்று நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“நீங்களே தெறந்து பாருங்க மொதலாளி. அவருக்கும் உங்க மாதிரி பெரிய கை. வெரசாத் தெறக்கணும்.”

சொல்லிவிட்டு அவள் பிள்ளையோடு வாசலை நோக்கி நடந்தாள். கடைக்கு முன்னால் தூவானம் அடிக்கிற திறந்த தாழ்வாரம், இஸ்தோப்பு. அங்கே நின்றால் பஸ் வருவது தெரியும். மான்கொம்புப் பிடியைத் திறந்தபோதும் இப்படித்தான் நடந்து போனாள். பஸ்ஸில் இருக்கிற கவனத்தைக் கத்தியில் வைக்கிறாளா பார் என்று பத்திநாதன் மனதுக்குள் திட்டினார். நகத்தை வைத்து ஒரு இழுப்பு. அவள் வாளி அடுக்கைத் தாண்டுவதற்குள் அலகு பளிச்சென்று வெளியே வந்துவிட்டது.

அலுப்பையும் மீறி அவருக்குப் பெருமையாக இருந்தது. பிடி என்றால் இதுதான் பிடி என்று சொல்லிக் காட்டினார். அழகம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் இன்னும் வாடிப்போயிற்று. மெல்ல வந்து, அலமாரியின் மூலையில் மின்னிய ஒன்றைக் காட்டினாள்.

பித்தளைப் பிடியில் மயில் செதுக்கிய கத்தி அது. மொத்தமாக வாங்கிய பெட்டியில் வந்து சேர்ந்த சனியன். பிடி ஒல்லி, அதிலும் வழவழப்பு. ஓரத்தை அராவாமல் விட்டிருந்தார்கள், அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையை வெட்டும். வில் இறுக்கம். நகம் வைக்கிற பள்ளமோ பேருக்குத்தான்.

“அது வேணாம் தங்கச்சி. பாக்கத்தான் அழகு, கையில நிக்காது.”

“பாக்க அழகா இருந்தா அவருக்குப் பிடிச்சிரும். தெறங்க மொதலாளி.”

மறுபடி வாசலுக்கு நடந்தாள். பத்திநாதன் நகத்தை வைத்தார், வழுக்கியது. கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். பிடி கைக்குள்ளேயே புரண்டது. பல்லைக் கடித்து ஒருவழியாகத் திறந்து நிமிர்ந்தபோது கடைக்குள் அவளைக் காணோம். வெளியே இஸ்தோப்பில், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். திரும்பி வந்தவளின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“இதையே குடுங்க.”

பத்திநாதனுக்குக் கோபமே வந்துவிட்டது. விவரம் தெரியாத பெண் தலையில் ஓட்டைச் சாமானைக் கட்டிவிட்டான் என்று நாளைக்கு அவள் புருஷன் வந்து சண்டை பிடிக்கமாட்டானா? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆளுக்குக் கத்தியின் பிடி தெரியாதா? அவள் சலிப்போடு தலையசைத்தாள். கவ்வாத்துக்குத் தோட்டத்துக் கத்தி இருக்கிறது, இது வீட்டில் கிடக்கிறதுதான் என்றாள்.

மனசு கேட்காமல் அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். ஒரு சொட்டு விட்டால் லேசாகத் திறக்கும். அவள் சட்டென்று கத்தியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“எண்ணெ வேணாம் மொதலாளி.”

“தெறக்காத கத்திய வச்சிக்கிட்டு என்னம்மா செய்யப் போறே?”

அழகம்மா பிள்ளையைச் சாக்கால் போர்த்தினாள். கத்தியை மடியில் செருகிக்கொண்டு, தான் நடந்து நடந்து பார்த்த வாசலைக் காட்டினாள்.

“எங்க லயத்துலயும் அடுப்புலேருந்து இஸ்தோப்புக்கு இவ்வளவு தூரந்தான். ராத்திரி குடிச்சிட்டு வந்து அவரு இதைத் தெறக்கிறதுக்குள்ள, நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடிருவேன்.”