ஒற்றை இருக்கை

“இது விமானமாய்யா? துணி காயப்போடுற கொடியில, புல் வெட்டுற மெஷினோட இன்ஜினைக் கட்டித் தொங்கவிட்டிருக்கே!”

கேப்டன் ஹால்வர்சன் போட்ட சத்தத்தில், மூன்று பண்ணை தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. முப்பத்தைந்து வருடம் முன்னூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் பறந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தன்னைவிட நல்ல விமானி பறவைகளிலும் கிடையாது என்பது அவருடைய கணிப்பு. பனி உருகியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் மடக்கு நாற்காலியும் பிளாஸ்க் நிறையக் காபியுமாக, டுவேனின் சோயா வயலை ஒட்டிய புல் ஓடுபாதைக்கு வந்துவிடுவார். வேலை? கேலி பேசுவதுதான்.

டுவேன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு வயதிலிருந்து அவருக்கு ஒரே ஓர் ஆசை: தன் வயலை ஒரு தடவையாவது மேலேயிருந்து பார்க்கவேண்டும். அறுபது வருடம் தள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு பழைய கார் விலைக்குப் பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, இரண்டு குளிர்காலம் ஷெட்டில் உட்கார்ந்து தானே பூட்டிய ஒற்றை இருக்கை விமானம் இது.

“சட்டப்படி இதுக்கு லைசன்ஸே வேணாம், கேப்டன். எடை கம்மி, ஒரே ஆள்...”

“லைசன்ஸ் கேக்கலைன்னா என்னய்யா அர்த்தம்? நீ விழுந்தா கவர்மெண்டுக்குக் கவலையில்லைன்னு அர்த்தம்!”

டுவேன் ஹெல்மெட்டை மாட்டினார். இன்ஜின் வண்டு மாதிரி இரைந்தது. விமானம் புல்லில் ஓடியது, ஓரடி எழும்பியது, தொப்பென்று மறுபடி உட்கார்ந்தது. இந்த வகையைப் பழகுவதே இப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இரண்டாவது இருக்கை ஏது? தவளை போலத் தத்தித் தத்தி, தைரியம் வந்த அன்றைக்குத் தனியாக மேலே ஏறிவிட வேண்டியதுதான். டுவேனுக்குத் தைரியம் ஓட ஆரம்பித்ததும் வந்துவிடும். கேப்டனின் நாற்காலியைத் தாண்டும்போது போய்விடும்.

“ஆஹா, ஓரடி! வான்கோழி பார்த்தா வாய்விட்டுச் சிரிக்கும்!”

“இன்னிக்குக் காத்து கொஞ்சம்...”

“காத்து மேல ஏன்யா பழி போடுறே? இதுல முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒண்ணுதான், தப்புப் பண்ணினா ரெண்டாவது பாடத்துக்கு ஆள் இருக்காது, நினைப்புல வெச்சுக்கோ. அந்த இறக்கையைப் பாரேன். உன் பெண்டாட்டி டார்லாவோட மேசை விரிப்பைத் தைச்சு மாட்டினியா?”

வீட்டுக்குள் போனால் டார்லா காத்திருந்தாள்.

“ரெண்டு குளிர்காலம் என் காரைப் பனியில நிக்க வெச்சியே, ஓரடி குதிக்கத்தானா? அந்த ஆளை வாயை மூடச் சொல்லு, இல்லைன்னா நீ பற. ரெண்டுல ஒண்ணு செய்!”

டுவேனால் இரண்டும் முடியவில்லை. கேப்டன் சொன்னால் சும்மாவா இருக்கும்? முப்பத்தைந்து வருட அனுபவமாயிற்றே. இரவில் கண்ணை மூடினால் இறக்கை பிய்த்துக்கொண்டு போனது. செப்டம்பரில், சோயா மஞ்சளாகத் தொடங்கியபோது, விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்துவிட்டார்.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் நம்பர் பிளேட் போட்ட பிக்கப் டிரக்கில், பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். கேப்டன் அன்றைக்கும் நாற்காலியில்தான் இருந்தார்.

“வாங்கி என்னம்மா பண்ணப் போறே? கோழிக்கூண்டுக்குக் கூரை போடவா?”

“அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“பிறந்ததிலேருந்து ஓரடிக்கு மேல ஏறினதில்லை. அவனையே கேளு.”

டுவேனுக்குப் பொய் சொல்ல வராது. ஆமாம் என்று தலையாட்டினார். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கிப் பாதி விலை சொன்னாள்.

“அதுவே ஜாஸ்தி!” என்றார் கேப்டன்.

டுவேன் கொடுத்துவிட்டார். இறக்கைகளை மடக்கிக் கட்டிய டிரெய்லர் சாலை வளைவில் மறைந்த பிறகும், பார்த்துக்கொண்டே நின்றார்.

“உன் உயிரைக் காப்பாத்திக் குடுத்திருக்கேன்யா. நன்றியெல்லாம் வேணாம்” என்று கேப்டன் நாற்காலியை மடக்கினார்.

அடுத்த சனிக்கிழமை கேப்டன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காலை, டுவேன் வீட்டுக் கூரைக்கு மேலே வண்டு இரைந்தது.

டுவேனும் டார்லாவும் வெளியே ஓடி வந்தார்கள். அதே விமானம்! முன்னூறு அடி உயரத்தில் நூல் பிடித்தாற்போல வந்து, சோயா வயலைச் சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றி, பூ உதிர்வது போல ஓடுபாதையில் இறங்கியது.

“ஆக, விமானத்துல கோளாறு ஒண்ணுமில்லை” என்றாள் டார்லா, கணவரின் முகத்தைப் பார்க்காமல்.

விமானி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். கேப்டன் ஹால்வர்சன்!

டுவேன் கிட்டே ஓடினார். “அப்போ... டிரக்குல வந்த அந்தம்மா?”

“என் மச்சினி” என்ற கேப்டன், முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார். “போன குளிர்காலமே டாக்டர் என் நெஞ்சைப் பார்த்துட்டு, லைசன்ஸுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார்யா. லைசன்ஸ் கேக்காதது இது ஒண்ணுதான். புதுசு வேணும்னா ரெண்டு வருஷம் காத்திருங்கன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அவ்வளவு நாளுக்கு டாக்டர் உத்தரவாதம் தரலை.”