மிதக்கும் ட்ரெமலோ

வந்ததிலிருந்து அந்த மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. கிடார் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எதைச் சொன்னாலும், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார். விற்பனையாளருக்குத் தொண்டை வறண்டது.

"இந்த ரெண்டு எலெக்ட்ரிக் கிடார்லயும் ட்ரெமலோ இருக்கு சார். இந்தக் கைப்பிடிய அமுக்கினா சுரம் அப்படியே இறங்கி ஏறும். இது சாதா ட்ரெமலோ, தொல்லையே இல்ல. அது மிதக்கிற ட்ரெமலோ, ஸ்பிரிங் இழுப்புலயே நிக்கும்."

"அதுல என்ன தொல்லை?"

"ஒரு கம்பி அறுந்தா மத்த அஞ்சும் சுருதி விலகிடும். ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு போகும். பழகாதவங்களுக்கு அரை நாள் ஆயிடும்."

"அடிக்கடி அறுந்து போகுமா?"

"வெறியா வாசிச்சா வாரத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணுதானா?" அவர் முகம் வாடியது. "சரி பண்றப்ப ஸ்பீக்கர் போடணுமா?"

"வேண்டாம் சார். சத்தமே வராது."

"அதையே கட்டுங்க!"

விற்பனையாளர் பதறிப்போனார். "யோசிச்சு எடுங்க சார். வாசிக்கப் போறது நீங்கதானே?"

"நானா? என் மச்சினன். பக்கத்து ரூம்ல, விடிஞ்சதுலேர்ந்து வாசிக்கிறான். நாளைக்கு அவனுக்குப் பிறந்தநாள்."

சொல்லிவிட்டு, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.