கைக்கு எட்டுகிற இடம்

பட்டறைத் தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில், நாளை மறுபடி மலைப்பாதை ஏறப்போகிற ஜீப்பின் மேல் வட்டவட்டமாகக் கிடக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன்; வெளியே நிற்கிற தங்கை தீயணைப்பு சிலிண்டரைக் கையிலிருந்து இறக்கவில்லை. "பின்னாடியே மாட்டிடலாம்மா, முன்னாடி காலை இடிக்கும்," என்கிறார் மெக்கானிக். "போன தடவை வண்டி தீப்பிடிச்சப்பவும் பின்னாடிதான் இருந்துச்சு. மூட்டைக்கு அடியில, சொகுசா," என்கிறாள். அவர் துளைக்கருவியை முன்பக்கம் எடுத்து வருகிறார். "பெல்ட்டைப் போடுண்ணா. கண்ணை மூடு, புகையில எதுவும் தெரியாது." அண்ணனின் வெந்து ஆறிய கை, மடங்காத இரண்டு விரல்களோடு, இருக்கையின் ஓரத்தைத் துழாவுகிறது. அது எட்டி நிற்கிற இடத்தில் அவள் சாக்பீஸால் கோடு போடுகிறாள். அங்கேயே துளையிட்டு, இரும்புப் பட்டையை போல்ட்டால் இறுக்கி, சிலிண்டரைப் பூட்டுகிறார் மெக்கானிக். "இப்ப எடுண்ணா." கொக்கி டக்கென்று விடுபட, சிவப்பு சிலிண்டர் அவன் மடிக்கு வந்துவிடுகிறது. "போதுமாடி?" அவள் அதை வாங்கித் திரும்பப் பூட்டுகிறாள். "இன்னொரு தடவை. கண்ணைத் திறக்காதே."